வைஃபை கார்டை மாற்றினேன், ப்ளூடூத் போய்விட்டது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மும்பை சயான் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறேன். தாராவி, கோலிவாடா, மாட்டுங்கா, செம்பூர் என்று சுற்றுவட்டாரத் தமிழர்கள் நிறைய வருவார்கள். கொஞ்ச காலமாக ஒரே கதைதான் திரும்பத் திரும்ப வருகிறது. லேப்டாப்பிலோ டெஸ்க்டாப்பிலோ பழைய வைஃபை கார்டை எடுத்துவிட்டுப் புதுசு போட்டிருப்பார்கள். வைஃபை பறக்கும். ப்ளூடூத் மட்டும் காணாமல் போயிருக்கும், இல்லையென்றால் இருந்தும் இல்லாத மாதிரி கிடக்கும். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதி வைக்கிறேன்.

ஒரே கார்டுதானே? வைஃபை நன்றாக ஓடுகிறது, ப்ளூடூத் மட்டும் எப்படிப் போகும்?

பார்க்கத்தான் ஒரே கார்டு. உள்ளே இரண்டு குடித்தனம், தனித்தனி வாசல். வைஃபை பகுதி மதர்போர்டோடு பிசிஐ எக்ஸ்பிரஸ் (சுருக்கமாக பிசிஐஇ) என்ற பாதை வழியாகப் பேசும். ப்ளூடூத் பகுதி யூஎஸ்பி வழியாகப் பேசும். அதாவது உங்கள் கணினியைப் பொறுத்தவரை அந்தக் கார்டில் இருக்கும் ப்ளூடூத், வெளியே சொருகிய பென் டிரைவ் மாதிரி ஒரு யூஎஸ்பி சாதனம்தான்.

எம்.2 என்கிற சின்ன ஸ்லாட்டில் இரண்டு பாதைகளுக்கும் சேர்த்தே பின்கள் இருக்கும். இப்போது வரும் கார்டுகள் 22 மில்லிமீட்டர் அகலம், 30 மில்லிமீட்டர் நீளம். அதனால்தான் 2230 என்று பெயர். கார்டை ஸ்லாட்டில் வைத்ததும் இரண்டு பாதையும் தானாகச் சேர்ந்துவிடும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலான லேப்டாப்பில் அப்படித்தான் சேரும். டெஸ்க்டாப்பின் பிசிஐஇ ஸ்லாட்டில் போடும் கார்டில்தான் சேராது. அதற்கு வருகிறேன்.

இந்த ஒரு விஷயம் மனதில் இருந்தால் போதும், கீழே சொல்வதில் பாதி உங்களுக்கே விளங்கிவிடும். ப்ளூடூத் வரவில்லை என்றால் வைஃபை பக்கம் தேடாதீர்கள். யூஎஸ்பி பக்கம் தேடுங்கள்.

டெஸ்க்டாப்பில் புது பிசிஐஇ வைஃபை கார்டு போட்டேன். ப்ளூடூத் என்ற சுவிட்சே செட்டிங்ஸில் இல்லை.

கார்டு வந்த அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களா? இல்லையென்றால் எடுத்து ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள். ஒரு குட்டி கேபிள் விழும். ஒரு முனை கார்டில் மாட்டும். மறுமுனை கறுப்பாக, ஒன்பது பின்னுக்கான ஓட்டைகளோடு இருக்கும். அது மதர்போர்டின் கீழ் ஓரத்தில் இருக்கும் யூஎஸ்பி 2.0 ஹெட்டரில், அதாவது கேபிள் மாட்டுவதற்கான பின் கொத்தில், போய்ச் சேர வேண்டும். அதை மாட்டாவிட்டால் ப்ளூடூத்துக்குக் கணினியோடு எந்தத் தொடர்பும் கிடையாது.

என்னிடம் வரும் டெஸ்க்டாப் கேஸ்களில் இதுதான் ராஜா. போன மாதம் மாட்டுங்காவிலிருந்து ஒரு மாமா வந்தார். இரண்டு நாள் டிரைவர் டிரைவராக இறக்கி ஏற்றியிருக்கிறார், கடைசியில் விண்டோஸையே அழித்துப் புதிதாகப் போட்டிருக்கிறார். கேபினெட்டைத் திறந்தேன். கார்டின் ஓரத்தில் நான்கு பின் சாக்கெட் வாயைத் திறந்துகொண்டு சும்மா நின்றது. "மாமா, இதில் ஒரு ஒயர் வருமே?" என்றேன். "அது எக்ஸ்ட்ரான்னு நினைச்சு டிராயரில போட்டுட்டேன்பா" என்றார். வீட்டுக்குப் போய் எடுத்து வந்தார். மாட்டுவதற்கு ஒரு நிமிஷம்.

அந்த ஹெட்டர் எது, கேபிளை எந்தப் பக்கம் மாட்டுவது?

மதர்போர்டில் எஃப்_யூஎஸ்பி அல்லது ஜேயூஎஸ்பி என்று பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும். ஐந்து ஐந்தாக இரண்டு வரிசை, அதில் ஒரு மூலையில் மட்டும் பின் இருக்காது. அந்த வெற்றிடம்தான் அடையாளம். கேபிள் முனையிலும் அதே மூலையில் ஓட்டை அடைத்திருக்கும். இரண்டும் ஒத்துப்போனால் மெதுவாக இறங்கும். இறங்கவில்லை என்றால் திருப்பிப் பிடியுங்கள், பலம் காட்டாதீர்கள்.

சில மலிவான கேபிள்களில் ஒற்றை வரிசை முனைதான் இருக்கும். அடைத்த ஓட்டை இருக்காது. அங்கேதான் ஜாக்கிரதை. சிவப்பு ஒயர் 5 வோல்ட். பின் இல்லாத மூலை எந்த முனையில் இருக்கிறதோ அதற்கு எதிர் முனையில் சிவப்பு வர வேண்டும். தலைகீழாக மாட்டினால் கார்டு செத்துப்போகலாம். மின்சாரத்தை முழுசாக அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகுதான் கை வைக்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

பக்கத்திலேயே பெரிதாக, பத்தொன்பது பின்னோடு ஒன்று இருக்கும். அது யூஎஸ்பி 3 ஹெட்டர், முன்பக்கத் துளைகளுக்கானது. இந்தக் கேபிள் அதில் போகாது.

ஹெட்டர் காலியாக இல்லையே. ஒன்றில் முன்பக்க யூஎஸ்பி, இன்னொன்றில் கூலரின் ஒயர்.

ஒரு ஹெட்டரை இரண்டு மூன்றாகப் பிரிக்கும் உள் ஹப் கிடைக்கிறது, வாங்கிப் போடலாம். அவசரம் என்றால் முன்பக்க யூஎஸ்பி கேபிளைக் கழற்றிவிட்டு அங்கே ப்ளூடூத்தை மாட்டிப் பாருங்கள். ப்ளூடூத் உயிர் பெற்றால் கார்டில் குறையில்லை என்று தெரிந்துவிடும். ஹப் வாங்கும் காசு வீண்போகாது.

லேப்டாப்பில் கார்டு மாற்றினேன். வைஃபை, ப்ளூடூத் இரண்டுமே இல்லை.

அப்படியானால் பெரும்பாலும் கார்டே தவறான ஜாதி. இன்டெல் கார்டுகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று தன்னிறைவானது, எல்லா வேலையும் கார்டிலேயே நடக்கும். ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 எல்லாம் இந்த வகை. இன்னொன்று சிஎன்விஐ என்ற வகை. இதில் மூளையின் பெரும்பகுதி புராசசர், சிப்செட் பக்கம் போய்விட்டது. கார்டில் ரேடியோ மட்டும்தான் இருக்கும். ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 இந்த வகை. பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி ஒரே அளவு, ஒரே ஸ்லாட்டில் அழகாக உட்காரும், ஸ்க்ரூவும் சரியாகப் பொருந்தும். ஆனால் அந்தப் பக்கம் மூளை இல்லாத கணினியில் அது வெறும் தகடு.

ஏஎம்டி புராசசர் உள்ள லேப்டாப்பில் சிஎன்விஐ கார்டு எந்தக் காலத்திலும் ஓடாது. இன்டெல்லிலும் எல்லாத் தலைமுறைக்கும் ஒத்துவராது. ஏஎக்ஸ்201 பத்தாம் தலைமுறையோடு வந்தது, எட்டாம் தலைமுறை லேப்டாப்பில் போட்டுவிட்டு எதிர்பார்க்கக் கூடாது.

நினைவில் வைக்க ஒரு குறுக்கு வழி: கடைசி எண் 0 என்றால் தனிக் கார்டு, 1 என்றால் சிஎன்விஐ. 200, 201, 210, 211, பிஇ200, பிஇ201. பழைய 9000 வரிசைக்கு இது பொருந்தாது: 9260 தனி, 9560 சிஎன்விஐ.

செம்பூரில் கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பிக்கு ஒரு கடையில் ஏஎம்டி லேப்டாப்புக்கு ஏஎக்ஸ்201 கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். "ரெண்டும் ஒண்ணுதான், இது லேட்டஸ்ட்" என்று சொல்லியிருக்கிறார்கள். 201 என்பது 200-ஐவிடப் பெரிய எண் என்பதால் அவனும் நம்பிவிட்டான். திருப்பிக் கொடுக்கப் போனால் "ஸ்க்ரூ போட்ட அடையாளம் இருக்கு" என்று வாங்க மறுத்துவிட்டார்கள். கடைசியில் பத்தாம் தலைமுறை லேப்டாப் வைத்திருந்த இன்னொரு வாடிக்கையாளரிடம் அதைத் தள்ளிவிட்டோம்.

எதிர்த்திசையிலும் சிக்கல் உண்டு. தொழிற்சாலையில் சிஎன்விஐ கார்டு போட்டு வந்த சில லேப்டாப்புகளில் அந்த ஸ்லாட்டுக்கு பிசிஐஇ பாதையே இழுத்திருக்க மாட்டார்கள். அதில் ஏஎக்ஸ்210 போட்டால் வைஃபை வராது. வாங்கும் முன் உங்கள் மாடலில் வேறு யாராவது அதே மாற்றத்தைச் செய்து ஓட்டியிருக்கிறார்களா என்று தேடிப் பாருங்கள். பிஇ200 வாங்குகிறவர்களுக்குத் தனியாக ஒன்று: அது தனிக் கார்டுதான், ஆனாலும் ஏஎம்டி கணினிகள் பலவற்றில் அது ஓடுவதில்லை. ஏஎம்டி என்றால் நான் ஏஎக்ஸ்210-ஓடு நின்றுவிடுவேன்.

விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் (கணினியில் உள்ள சாதனங்களின் பட்டியல்) எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் வியூ மெனுவில் மறைந்திருக்கும் சாதனங்களைக் காட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பாதி கண்ணில் படாது. அப்புறம் மூன்றில் ஒன்று நடக்கும்.

ப்ளூடூத் என்ற தலைப்பே இல்லை, யூஎஸ்பி பகுதியிலும் சந்தேகப்படும்படி எதுவும் இல்லை: யூஎஸ்பி பாதை இணையவில்லை. கேபிளைப் பாருங்கள், பயாஸை (கணினி ஆன் ஆனதும் முதலில் ஓடும் அடிப்படை அமைப்பு) பாருங்கள். சில பயாஸில் வைஃபைக்கும் ப்ளூடூத்துக்கும் தனித்தனி சுவிட்ச் இருக்கும்.

மஞ்சள் முக்கோணத்தோடு, பெயர் தெரியாத யூஎஸ்பி சாதனம், டிஸ்கிரிப்டர் (சாதனம் தன்னைப் பற்றிச் சொல்லும் விவரம்) கேட்டது தோல்வி, பிழை எண் 43 (Code 43) என்று வருகிறது: பாதை இருக்கிறது, மறுமுனையில் ஆள் எழுந்து பதில் சொல்லவில்லை. கீழே சொல்லும் முழு மின்சார வடிப்பை முதலில் செய்யுங்கள். பத்தில் ஆறு ஏழு அதிலேயே சரியாகிவிடும். இது என் மேசைக் கணக்கு.

ப்ளூடூத் தலைப்பு இருக்கிறது, பிழை எண் 10 (Code 10) என்கிறது, அல்லது பொதுவான பெயரில் ஓடுகிறது: டிரைவர் விவகாரம்.

இன்டெல் தளத்திலிருந்து டிரைவர் போட்டேனே!

எந்த டிரைவர்? வைஃபைக்கு ஒரு தொகுப்பு, ப்ளூடூத்துக்கு வேறொரு தொகுப்பு. இரண்டு குடித்தனம் என்றேன் இல்லையா, இரண்டு வாடகை ரசீது. வைஃபை தொகுப்பைப் போட்டுவிட்டு "டிரைவர் போட்டாச்சு" என்று சொல்கிறவர்கள்தான் அதிகம். முந்தைய கார்டு வேறு கம்பெனியுடையது என்றால் அதன் ப்ளூடூத் டிரைவரை நிறுவல் நீக்கிவிட்டு, கணினியை மறுதொடக்கம் செய்து, பிறகு புதியதைப் போடுங்கள். பழையதும் புதியதும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

கணினியை ஷட் டவுன் செய்து மறுபடி போட்டும் பார்த்துவிட்டேன். பலனில்லை.

இங்கே ஒரு வேடிக்கை. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இயங்கிக்கொண்டிருந்தால், ஷட் டவுன் என்பது முழு உறக்கமல்ல. இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலின் நிலையை டிஸ்கில் எழுதி வைத்துவிட்டு, அடுத்த முறை அதையே எடுத்து வைத்துக்கொள்ளும். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாக ஆரம்பிக்கும். நம் வழக்கத்துக்கு இது நேர் தலைகீழ்.

ஆனால் ரீஸ்டார்ட்டிலும் ஒரு குறை இருக்கிறது. மின்சாரம் கார்டை விட்டுப் போகாது. இன்டெல் ப்ளூடூத் சிப்புக்கு ஒவ்வொரு முறை மின்சாரம் வரும்போதும் டிரைவர்தான் ஃபர்ம்வேரை (சிப்புக்குள் ஓடும் மென்பொருள்) கொண்டுபோய் ஊட்ட வேண்டும். பாதி ஊட்டலில் அது மலங்க மலங்க விழித்துக்கொண்டு நின்றுவிட்டால், மின்சாரத்தை அறவே நிறுத்தினால்தான் தெளியும்.

அதனால் முழு மின்சார வடிப்பை இப்படிச் செய்யுங்கள். ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டே ஷட் டவுனை அழுத்துங்கள்; அது உண்மையான ஷட் டவுன். சார்ஜரைப் பிடுங்குங்கள். பேட்டரியைக் கழற்ற முடிந்தால் கழற்றுங்கள். புது லேப்டாப்புகளில் பின்மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் பேட்டரி கனெக்டரை விடுவிக்க வேண்டியிருக்கும். டெஸ்க்டாப் என்றால் பவர் சப்ளையின் பின்பக்க சுவிட்சையும் அணையுங்கள். அப்புறம் பவர் பட்டனை முப்பது விநாடி அழுத்திப் பிடியுங்கள். எல்லாவற்றையும் திரும்ப மாட்டி ஆன் செய்யுங்கள்.

கோலிவாடாவில் ஏற்றுமதி ஆர்டர் எடுக்கும் ஒரு தையல் யூனிட்டின் கணக்கு அக்கா, ஃபோனிலேயே இதைக் கேட்டுச் செய்தார். முப்பது வரை எண்ணச் சொன்னேன். எண்ணி முடித்துவிட்டு, "தம்பி, ஒண்ணும் நடக்கலையே" என்றார். "இனிமேதான் ஆன் பண்ணணும்க்கா." ஆன் செய்தார். வலது மூலையில் அந்த நீல அடையாளம் வந்துவிட்டது.

ப்ளூடூத் வந்துவிட்டது. ஆனால் பழைய மௌஸ், ஹெட்போன் எல்லாம் பட்டியலில் இருக்கிறது, கனெக்ட் ஆக மாட்டேன் என்கிறது.

ஆகாது. ஆகக் கூடாது. முன்பு உங்கள் ஹெட்போன் நட்பு வைத்திருந்தது உங்கள் கணினியோடு அல்ல, அந்தப் பழைய கார்டோடு. ஒவ்வொரு ப்ளூடூத் சிப்புக்கும் தனி முகவரி உண்டு. பேரிங், அதாவது முதல்முறை ஜோடி சேர்ப்பது, நடக்கும்போது இரண்டு பக்கமும் ஒரு ரகசியச் சாவியை உண்டாக்கி, அந்த முகவரியோடு சேர்த்து எழுதி வைத்துக்கொள்கின்றன. புதுக் கார்டுக்குப் புது முகவரி. பழைய சாவி இதற்குப் பொருந்தாது.

கணினியில் அந்தச் சாதனத்தை நீக்குங்கள். அதோடு நிறுத்தாதீர்கள், ஹெட்போன் பக்கத்திலும் பழைய நினைவை அழித்து, பேரிங் நிலையில் வைத்து, புதிதாகச் சேருங்கள். எப்படி அழிப்பது என்பது ஒவ்வொரு மாடலுக்கும் வேறு. பெரும்பாலும் ஏதாவது ஒரு பட்டனை விளக்கு மினுங்கும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கும்.

இதிலிருந்து ஒரு நடைமுறை விஷயம். கீபோர்டும் மௌஸும் ப்ளூடூத் என்றால், கார்டை மாற்றும் முன் ஒரு ஒயர் மௌஸ், ஒயர் கீபோர்டு கைவசம் வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கணினி ஆன் ஆகி, உங்களைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும். பேரிங் பட்டனைக் கிளிக் செய்யக்கூட வழி இருக்காது. பயாஸுக்குள் போகவும் ப்ளூடூத் கீபோர்டு உதவாது.

ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருக்கிறேன். ஒன்றில் பேரிங் செய்தால் மற்றதில் போய்விடுகிறது.

மேலே சொன்ன சாவி விவகாரம்தான், வேறு வடிவத்தில். கார்டு ஒன்றே என்பதால் முகவரி ஒன்றே. லினக்ஸில் பேரிங் செய்தால் ஹெட்போன் புதுச் சாவியை எழுதிக்கொண்டு விண்டோஸ் கொடுத்ததைத் தூக்கிப் போட்டுவிடும். ஒரு பக்கத்துச் சாவியை எடுத்து மறுபக்கத்தில் எழுதி வைக்கலாம், செய்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்த அளவு பொறுமை இல்லை. என் கணினியில் லினக்ஸுக்கு ஒரு ஒயர் மௌஸ்.

லினக்ஸில் வைஃபை வருகிறது, ப்ளூடூத் வரவில்லை.

மூன்று இடம் பாருங்கள். ஆர்எஃப்கில் (rfkill) என்ற கட்டளையில் ப்ளூடூத் மென்பொருளால் முடக்கப்பட்டிருக்கிறதா? கர்னல் பழசா? ஏஎக்ஸ்210-க்கு 5.10 அல்லது அதற்கு மேல் வேண்டும். கர்னல் செய்திகளில் ஃபர்ம்வேர் கோப்பை ஏற்ற முடியவில்லை என்று வருகிறதா? அப்படியென்றால் ஃபர்ம்வேர் தொகுப்பைப் புதுப்பித்துவிட்டு, ரீஸ்டார்ட் அல்ல, முழுசாக அணைத்து ஆன் செய்யுங்கள். இரட்டை இயங்குதளம் வைத்திருப்பவர்கள் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்தி வைப்பது நல்லது. அது கார்டை அரைத்தூக்கத்தில் லினக்ஸிடம் ஒப்படைத்துவிடும்.

கனெக்ட் ஆகிறது. ஆனால் நாற்காலியை விட்டு எழுந்து நாலடி போனால் பாட்டு விட்டு விட்டு வருகிறது.

ஆண்டெனா. லேப்டாப் கார்டில் இரண்டு மெல்லிய ஒயர்கள், பெரும்பாலும் ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை. அரிசிமணி அளவு வட்டத் தொப்பியைக் கார்டில் இருக்கும் பித்தளைக் குமிழ் மீது வைத்து அழுத்த வேண்டும். நேராக உட்கார்ந்தால் 'டிக்' என்று விரலுக்குத் தெரியும், காதுக்குக் கேட்காது. கோணலாக வைத்து அழுத்தினால் உட்கார்ந்த மாதிரியே தெரியும், ஆனால் உட்கார்ந்திருக்காது. இரண்டு மூன்று முறை அப்படி நசுக்கினால் தொப்பியின் விளிம்பு விரிந்துவிடும். பிறகு நேராக வைத்தாலும் பிடிக்காது. நான் நகத்தால் அழுத்துவதில்லை. மரப் பல்குச்சியின் தட்டையான முனையால் நடுவில் வைத்து ஒரு அழுத்து.

ஒரு ஒயர் கழன்றிருந்தால் வைஃபை மற்றொன்றை வைத்துச் சமாளித்துவிடும், வேகம் மட்டும் குறையும். ப்ளூடூத் அந்த இரண்டில் ஒன்றைத்தான் பகிர்ந்துகொள்கிறது. அந்த ஒயர் போனால் அதற்குப் போக்கிடம் இல்லை. வைஃபை ஓடுகிறது, அதனால் ஆண்டெனா சரி என்ற முடிவுக்கு வராதீர்கள்.

பழைய மினி பிசிஐஇ கார்டிலிருந்து எம்.2-க்குப் போகிறவர்களுக்கு: பழைய தொப்பி பெரியது, புதியதில் பொருந்தாது. இடுக்கியால் நசுக்கிப் பொருத்தப் பார்க்காதீர்கள், மாற்று ஒயர் கிடைக்கும்.

டெஸ்க்டாப்பில் கேபினெட்டின் பின்னால் திருகும் ஆண்டெனாக்களைப் "வைஃபைக்கு ரூட்டர் பக்கத்திலேயே இருக்கே" என்று மாட்டாமல் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். இரும்புப் பெட்டிக்குள் இருந்து ப்ளூடூத் எப்படி வெளியே வரும்?

ஆண்டெனா சரியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் மாலை ஆனால் விட்டு விட்டு வருகிறது.

மும்பையில் இது கார்டின் குற்றமாகவே இருக்க வேண்டியதில்லை. ப்ளூடூத் ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில். சுமார் 1 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள 79 சிறு வழித்தடங்களில், விநாடிக்கு 1,600 தடவைவரை தாவித் தாவிப் பேசும். அதே பட்டையில்தான் வைஃபையும் இருக்கிறது. ஒரு வைஃபை சானல் சுமார் 20 மெகாஹெர்ட்ஸை விழுங்கிவிடும். 1, 6, 11 சானல்கள் மூன்றிலும் அக்கம்பக்கத்து ரூட்டர்கள் கூவிக்கொண்டிருந்தால் ப்ளூடூத்துக்கு மிஞ்சுவது இருபது தடத்துக்குச் சற்று முன்பின். நெரிசலான தடங்களை ஒதுக்கிவிட்டுத் தாவும் புத்தி அதற்கு உண்டு, ஆனால் குறைந்தது 20 தடமாவது வைத்துக்கொண்டாக வேண்டும் என்பது விதி. தாராவியிலோ, ஒரே வராந்தாவில் வரிசையாக அறைகள் உள்ள சால் வீடுகளிலோ லேப்டாப்பில் வைஃபை பட்டியலைத் திறந்து பாருங்கள், ஸ்க்ரோல் பண்ணி முடியாது. காலை எட்டு மணி தாதர் ஸ்டேஷன் பாலத்தில் ஒதுங்கி நடக்க இடம் தேடுகிற மாதிரிதான்.

உங்கள் கையில் இருப்பது ஒன்று: கணினியின் வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். ஒரே கார்டில் இருக்கும் வைஃபையும் ப்ளூடூத்தும் ஒரே பட்டையில் இருந்தால் முறை வைத்துத்தான் பேச முடியும். வைஃபை விலகிக்கொண்டால் ப்ளூடூத்துக்கு மூச்சு விட இடம் கிடைக்கும்.

இரண்டாவது, யூஎஸ்பி 3. அதன் 5 ஜிகாபிட் சிக்னல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் இரைச்சலை உமிழும். இன்டெல் நிறுவனமே 2012-ல் இதை அளந்து ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. வெளி ஹார்டு டிஸ்கைச் சொருகியதும் மௌஸ் இழுத்து இழுத்துப் போனால் காரணம் இதுதான். டிஸ்கை நீளமான, நல்ல கவசமுள்ள கேபிளில் தள்ளி வையுங்கள்.

பாட்டு அருமையாகக் கேட்கிறது. மீட்டிங்கில் மைக் ஆன் செய்ததும் பழைய ரேடியோ மாதிரி ஆகிவிடுகிறது. கார்டு டூப்ளிகேட்டா?

இல்லை. பாட்டுக்கு ஒரு முறை, பேச்சுக்கு ஒரு முறை என்று ப்ளூடூத் இரண்டு விதமாக ஓடுகிறது. மைக் வேலை செய்யத் தொடங்கியதும் பேச்சு முறைக்கு இறங்கிவிடும். அதில் ஒலியை விநாடிக்கு 8,000 அல்லது 16,000 முறைதான் அளந்து அனுப்பும். கார்டு மாற்றியதும் விண்டோஸ் மைக் தேர்வைத் திரும்ப ஹெட்போனுக்கே மாற்றி வைத்திருக்கும், அதனால்தான் இப்போது கண்ணில் படுகிறது. மீட்டிங் செட்டிங்கில் மைக்கை லேப்டாப்பின் சொந்த மைக்குக்கு மாற்றுங்கள். காதில் கேட்பது தெளிந்துவிடும்.

என்னுடையது பத்துப் பன்னிரண்டு வருஷப் பழைய லேப்டாப், மினி பிசிஐஇ.

இரண்டு தொல்லை. சில பழைய லேப்டாப்புகளின் பயாஸ் தன் பட்டியலில் இல்லாத கார்டைப் பார்த்தால் பூட் ஆகவே மறுக்கும். அதற்கு என்னிடம் எளிய மருந்து இல்லை. இன்னொன்று, வைஃபை ஓடும், ப்ளூடூத் நிரந்தரமாக முடங்கிக் கிடக்கும். கார்டின் 51-ஆம் பின் ப்ளூடூத்தை அணைக்கும் கம்பி; பழைய மதர்போர்டுகள் சிலவற்றில் அந்த இடம் வேறு வேலைக்குப் போயிருக்கும். அந்த ஒரு பின்னை மட்டும் வெப்பம் தாங்கும் மஞ்சள் கப்டான் (Kapton) டேப்பால் மூடினால் ப்ளூடூத் எழுந்துவிடும். கடுகளவு டேப்பை வெட்டி ஒட்ட நல்ல வெளிச்சமும் நடுங்காத கையும் வேண்டும். பக்கத்துப் பின்னை மூடிவிட்டால் வேறு ஏதாவது படுத்துவிடும்.

மழைக்காலத்தில் மட்டும் ப்ளூடூத் காணாமல் போகிறது. சிரிக்காதீர்கள்.

சிரிக்கவில்லை, ஜூன் பிறந்தால் எனக்கே இரண்டு மூன்று வரும். கார்டின் தங்கப்பூச்சுப் பல்லில் விரல் பட்ட எண்ணெயும் ஈரமும் சேர்ந்து மெல்லிய படலம் கட்டும். கார்டை வெளியே எடுத்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, உலரவிட்டு மாட்டுங்கள். ரப்பரால் தேய்க்கிற பழக்கம் இங்கே நிறையப் பேருக்கு உண்டு. பூச்சு தேயும், துகள் ஸ்லாட்டில் விழும்; நான் செய்வதில்லை.

இத்தனை பாட்டுக்கு ஒரு யூஎஸ்பி ப்ளூடூத் டாங்கிள் போதாதா?

பல பேருக்குப் போதும். ஒரு நிபந்தனை: விண்டோஸ் ஒரு நேரத்தில் ஒரு ப்ளூடூத் ரேடியோவைத்தான் ஏற்கும். டாங்கிளைச் சொருகினால் டிவைஸ் மேனேஜரில் கார்டின் ப்ளூடூத்தை முடக்குங்கள். இதன் மறுபக்கம்: புதுக் கார்டு போட்ட பிறகும் பழைய டாங்கிள் கேபினெட்டின் பின்னால் மறந்துபோய்ச் சொருகியே இருந்து, அதனால் கார்டு முரண்டு பிடித்த கேஸும் பார்த்திருக்கிறேன். முதலில் பின்பக்கம் ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள்.

புதுசாக வாங்கப் போகிறேன். மும்பையின் கம்ப்யூட்டர் சந்தையான லாமிங்டன் ரோட்டில் என்ன கேட்டு வாங்குவது?

கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கினால் நடக்கும் தூரம். ஞாயிற்றுக்கிழமை போய் நிற்காதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். லேப்டாப்பின் மாடல், புராசசர், பழைய கார்டின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளின் ஃபோட்டோ, இந்த மூன்றும் ஃபோனில் இருக்கட்டும். "வைஃபை 6 கார்டு கொடுங்கள்" என்று கேட்காதீர்கள், எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். கடைக்காரர் வேறு எண்ணை நீட்டினால் கடைசி இலக்கத்தைப் பாருங்கள். டெஸ்க்டாப் கார்டு என்றால் பெட்டியைக் கவுண்டரிலேயே திறந்து, ஒன்பது பின் கேபிள், ஆண்டெனா, குட்டைக் கேபினெட்டுக்கான சின்னத் தகடு எல்லாம் இருக்கிறதா என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

பழைய கார்டை எறிந்துவிடலாமா?

வேண்டாம். புதியது மக்கர் செய்தால் பழையதைத் திரும்பப் போட்டுப் பார்ப்பதுதான் மிக விரைவான சோதனை. பழையதில் ப்ளூடூத் வந்துவிட்டால் ஸ்லாட்டும் பயாஸும் சரி, தகராறு புதுக் கார்டிலோ டிரைவரிலோ இருக்கிறது. புதுக் கார்டு வந்த ஆன்டி-ஸ்டேடிக் உறையிலேயே பழையதைப் போட்டு, எந்த லேப்டாப்புடையது என்று மேலே எழுதி வையுங்கள். என் மேசை இழுப்பறையில் பெயர் எழுதாத கார்டு பதினேழு கிடக்கிறது, எது யாருடையது என்று எனக்கே தெரியாது.